இரண்டு அலமாரிகளில் ஒரு வாழ்க்கை: லெமுவேல் ஹெய்ன்ஸைத் தேடி

அமெரிக்க விடுதலைப் போரில் ஆயுதம் ஏந்திய இளைஞர்களில் பலர் போர் ஓய்ந்த பிறகு போதகர்களானார்கள். இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் முன்னோரின் வரலாற்றைத் தேடத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது ஒரு பிளவு. படைவீரரைப் பற்றிய தாள்கள் அரசாங்க ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. போதகரைப் பற்றிய தாள்கள் சபைகளிடமும் ஊர் அலுவலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. மஸ்டர் ரோலில், அதாவது படைப்பட்டியலில், பெயரை எழுதிய எழுத்தருக்கு அந்த இளைஞன் பின்னாளில் வேதம் ஓதுவான் என்று தெரியாது. போதகரின் வாழ்க்கையை எழுதிய சபையாருக்கு அவர் தோளில் துப்பாக்கி சுமந்த நாட்கள் ஒரு முன்னுரைதான். ஒரே மனிதர் இரண்டு அலமாரிகளில் இரண்டு பேராக வாழ்கிறார்.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு லெமுவேல் ஹெய்ன்ஸின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆப்பிரிக்கத் தந்தைக்கும் வெள்ளைக்காரத் தாய்க்கும் 1753-இல் பிறந்தவர். 1775-இலும் 1776-இலும் படையில் நின்றவர். 1785-இல் போதகராக அபிஷேகம் பெற்று, அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் வெள்ளையர்கள் நிறைந்த சபைகளை மேய்த்தவர். 1833-இல் எண்பதாவது வயதில் இறந்தார். அவரைப் பற்றிய முதல் நூல் 1837-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அவருடைய இளமையின் மிக முக்கியமான எழுத்து அச்சேறுவதற்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீண்ட இடைவெளிக்கான காரணம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

பெயர் எங்கிருந்து வந்தது?

வம்சாவளி தேடுவோர் முதலில் பற்றிக்கொள்வது குடும்பப் பெயரை. ஹெய்ன்ஸின் விஷயத்தில் அந்தப் பிடியே நழுவுகிறது. அவர் 1753 ஜூலை 18 அன்று கனெக்டிகட் குடியேற்றத்தின் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். அவருடைய முதல் வரலாற்றாசிரியர் டிமதி மேதர் கூலே தந்தையின் பெயரையும் தரவில்லை, தாயின் பெயரையும் தரவில்லை. குழந்தை யாருடைய கூரையின் கீழ் பிறந்ததோ அந்த வீட்டுக்காரரின் பெயரே அதற்கு வந்திருக்கலாம் என்பது அவர் தரும் விளக்கம். ஆகவே ஹெய்ன்ஸ் என்ற பெயரைக் கொண்டு மேலே ஏறினால் நாம் போய்ச் சேருவது இரத்த உறவில்லாத ஒரு குடும்பத்தின் வாசலுக்கு. அடிமைத்தனமும் ஒப்பந்தப் பணியும் நிலவிய சமூகத்தில் பெயர் என்பது பல வேளைகளில் உறவைக் காட்டிலும் இருப்பிடத்தையும் உடைமையையும்தான் சுட்டும். புரட்சிக் காலத்து அமெரிக்காவில் கறுப்பின முன்னோரைத் தேடும் எவரும் இதை முதல் பாடமாகக் கொள்ள வேண்டும்.

ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே லெமுவேல் மாசசூசெட்ஸின் கிரான்வில்லில் டேவிட் ரோஸ் என்ற விவசாயியின் வீட்டில் ஒப்பந்தப் பணியாளாக ஒப்படைக்கப்பட்டார். 21 வயது நிரம்பும் வரை அந்த வீட்டுக்கு உழைக்க வேண்டும். அதற்கு ஈடாக உணவும் உடையும் கொஞ்சம் படிப்பும் கிடைக்கும். ரோஸ் ஊர்ச் சபையில் டீக்கன், பக்திமான். வீட்டு அம்மாள் பையனைத் தன் பிள்ளையைப் போலவே வளர்த்தார் என்பதைப் பின்னாளில் ஹெய்ன்ஸே நன்றியோடு நினைவுகூர்ந்தார். பகலெல்லாம் வயல் வேலை. இரவில் அடுப்படி நெருப்பின் வெளிச்சத்தில் படிப்பு. எழுத்துக்கூட்டும் புத்தகம், சங்கீதப் புத்தகம், வேதாகமம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தார்.

அந்த வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் குடும்ப ஜெபம் நடக்கும். அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை உரக்கப் படிப்பது லெமுவேலின் வேலை. ஒரு சனிக்கிழமை அவர் புத்தகத்துக்குள் தாம் எழுதிய பிரசங்கத்தைச் செருகி வைத்துப் படித்தார். யோவான் சுவிசேஷம் 3-ஆம் அதிகாரத்தின் 3-ஆம் வசனம், அதாவது மறுபடியும் பிறத்தல், அதன் பொருள். கேட்டு மகிழ்ந்த டீக்கன், புகழ்பெற்ற பிரசங்கிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இவர்களில் யாருடையது என்று விசாரித்தார். தம்முடையதுதான் என்று லெமுவேல் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தச் சம்பவம் கூலேயின் நூல் வழியாக நமக்கு வருகிறது. ஊரில் வழங்கிவந்த கதைக்குரிய மெருகு இதில் இருக்கிறது. ஆனால் பிரசங்கத்தின் வாசகமும் பொருளும் குறிப்பாகச் சொல்லப்பட்டிருப்பதும், கூலே அதே கிரான்வில்லில் போதகராக இருந்தவர் என்பதும் அதற்கு எடை சேர்க்கின்றன.

படைப்பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

1774 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து சுதந்திர மனிதரானார். அதே ஆண்டில் கிரான்வில்லின் ‘மினிட்மேன்’ அணியில் சேர்ந்தார். அழைப்பு வந்த நொடியில் புறப்பட வேண்டிய ஊர்ப்படை அது. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கிகள் வெடித்த செய்தி எட்டியதும் அந்த அணி பாஸ்டனுக்குத் தெற்கே இருந்த ராக்ஸ்பரிக்கு நடந்தது. பாஸ்டனுக்குள் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் படையைச் சூழ்ந்து நின்ற முற்றுகையில் ஹெய்ன்ஸும் நின்றார். அடுத்த ஆண்டு, 1776 அக்டோபரில், வடக்கே டைகான்டரோகா கோட்டைக் காவலுக்குப் போனார். கனடாவிலிருந்து இறங்கிவந்த பிரிட்டிஷ் படை ஷாம்ப்லெய்ன் ஏரியில் அமெரிக்கச் சிறு கப்பல்களை முறியடித்திருந்த நேரம் அது. கோட்டையில் எதிரியைவிட நோய்தான் அதிகம் கொன்றது. ஹெய்ன்ஸுக்கு டைஃபஸ் காய்ச்சல் கண்டது. நவம்பரில் ஊர் திரும்பினார்.

இங்கே ஒரு பரவலான பிழையைத் திருத்தியாக வேண்டும். ஈதன் ஆலனின் ‘கிரீன் மவுன்டன்’ வீரர்களோடு டைகான்டரோகாவைப் பிடித்தவர்களில் ஹெய்ன்ஸும் ஒருவர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. ஆலன் அந்தக் கோட்டையைப் பிடித்தது 1775 மே 10 அன்று. ஹெய்ன்ஸ் அங்கே காவலுக்குச் சென்றதோ அடுத்த ஆண்டின் இலையுதிர்காலத்தில். ஒரே கோட்டையின் பெயர் இரண்டு நிகழ்ச்சிகளிலும் வருவதால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. புகழ்பெற்ற நிகழ்ச்சியை நோக்கி முன்னோரின் பெயரை நகர்த்திக்கொண்டே போவது குடும்பக் கதைகளின் இயல்பு. இதற்கு எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. வர்ஜீனியாவில் பீட்டர் மூலன்பர்க் என்ற போதகர் 1776 ஜனவரியில் பிரசங்க மேடையிலேயே அங்கியைக் கழற்றி உள்ளே போட்டிருந்த ராணுவ உடையைக் காட்டினார் என்ற கதை ஓவியங்களிலும் சிலைகளிலும் நிலைத்துவிட்டது. அவர் தளபதியானது உண்மை. அங்கியைக் கழற்றிய காட்சியோ 1849-இல் அவருடைய சகோதரர் வழிப் பேரன் எழுதிய வரலாற்றின் மூலமே பரவியது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு உறவினர் எழுதும் கதையைச் சாட்சியாக ஏற்கலாம், தீர்ப்பாக ஏற்கக் கூடாது.

படைப்பணியை உறுதிசெய்ய என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன? மாசசூசெட்ஸ் வீரர்களுக்கு 1896 முதல் 1908 வரை மாநில அரசு 17 தொகுதிகளாக வெளியிட்ட அகரவரிசைப் பட்டியல் முதன்மையானது. அதில் ஒவ்வொரு பதிவும் ஊர், தலைவர், படைப்பிரிவு, பணியாற்றிய நாட்கள் ஆகியவற்றைச் சுருக்கமாகத் தரும். பெயர் எழுத்தரின் காதில் விழுந்தபடிதான் பதிவாகியிருக்கும். ஒரே மனிதர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று இடத்தில் இருப்பார். ஒரே பெயரில் தந்தை, மகன், சித்தப்பா மகன் என்று மூவர் ஒரே ஊரில் இருப்பார்கள். பெயரும் ஊரும் பொருந்துவதை மட்டும் நம்பி ஒரு போதகருக்குப் படைப்பணியைச் சூட்டிவிடுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது ஓய்வூதியக் கோப்புகள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் புரட்சிப் போர் வீரர்களின் ஓய்வூதிய, நிலமானிய விண்ணப்பக் கோப்புகள் ஏறத்தாழ 80,000 உள்ளன. 2,670 நுண்படச் சுருள்களில் அவை படியெடுக்கப்பட்டிருக்கின்றன. போர்த்துறை அலுவலகத்தில் 1800 நவம்பரில் தீப்பிடித்ததால் அதற்கு முந்தைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. 1818 சட்டம் கான்டினென்டல் படையில், அதாவது ஊர்ப்படை அல்லாத முறையான படையில், குறைந்தது ஒன்பது மாதம் பணிபுரிந்து இப்போது வறுமையில் இருப்போருக்கு ஓய்வூதியம் தந்தது. கூட்டம் பெருகியதும் 1820 சட்டம் சொத்துப் பட்டியலைக் கேட்டது. அந்தப் பட்டியல்களில் ஒரு பழைய படைவீரரின் பசு, ஏர், சமையல் சட்டி வரை எண்ணப்பட்டிருக்கும். 1832 சட்டம் ஊர்ப்படையினருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் ஆறு மாதப் பணியாவது இருக்க வேண்டும் என்றது. ஊர்ப்படையில் சில வாரங்கள் மட்டும் நின்றவர்கள் இந்தக் கோப்புகளுக்கு வெளியேதான் நிற்பார்கள். கோப்பு இல்லை என்பதால் பணியே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1832 விண்ணப்பத்தில் போதகர்களைத் தேடுவோருக்குப் பெரிதும் பயன்படும் ஒரு நடைமுறை இருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சான்றுத்தாள் இல்லாமல் நீதிமன்றத்தில் வாக்குமூலம் தரும் முதியவரை நம்பலாம் என்று அக்கம்பக்கத்தைச் சேர்ந்த ஒரு போதகர் சான்றளிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு போதகர் தமக்கு ஓய்வூதியம் கேட்காமலே இருந்திருக்கலாம்; ஆனால் அவருடைய கையெழுத்து பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பில் இருக்கக்கூடும். கோப்புகளோ படைவீரரின் பெயரில் மட்டுமே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. சபையின் உறுப்பினர் பட்டியலை எடுத்து, அதிலுள்ள முதியவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துபார்க்கும் பொறுமை இருந்தால், முன்னோரின் கையெழுத்தையும் யாரோடு பழகினார் என்ற விவரத்தையும் அங்கே காணலாம்.

மேடைக்கு ஏறிய வழி

ஹெய்ன்ஸ் காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர். 1816-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிகளும் வட்டுக்கோட்டைச் செமினரியும் நிறுவிய அமெரிக்க மிஷனரிகள் நியூ இங்கிலாந்தின் இதே சபை மரபிலிருந்துதான் புறப்பட்டார்கள். பிஷப் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும். அதனால் ஒரு போதகரின் பாதை ஒரே அலுவலகத்தில் பதிவாவதில்லை, படிப்படியாகப் பல இடங்களில் தடம் விடுகிறது.

முதலில் ஒரு மூத்த போதகரிடம் தங்கிப் படிப்பு. ஹெய்ன்ஸ் 1779-இல் கனெக்டிகட்டின் கேனன் ஊரில் டேனியல் ஃபாரன்ட் என்ற போதகரிடம் லத்தீன் படித்தார். பிறகு வின்டன்பரியில் வில்லியம் பிராட்ஃபோர்டிடம் கிரேக்கம். செலவுக்கு அங்கேயே பள்ளி ஆசிரியர் வேலை. அடுத்தது வட்டாரப் போதகர்கள் சேர்ந்து நடத்தும் தேர்வும் பிரசங்க உரிமமும். அவருக்கு அது 1780 நவம்பர் 29 அன்று கிடைத்தது. தாம் வளர்ந்த கிரான்வில்லிலேயே ஐந்து ஆண்டுகள் பிரசங்கித்தார். அதற்குப் பிறகுதான் அபிஷேகம், 1785 நவம்பர் 9 அன்று. அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவு ஒன்றில் அபிஷேகம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இந்த ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ஆவணம் உண்டு. உரிமமும் அபிஷேகமும் போதகர் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கும். போதகரை அழைப்பது என்ற முடிவு சபைப் பதிவேட்டில் ஒருமுறையும், சம்பளம் தர வேண்டிய ஊரின் அல்லது சேகரத்தின் கூட்டக் குறிப்பில் இன்னொருமுறையும் வரும். அக்கால நியூ இங்கிலாந்தில் போதகரின் சம்பளம் ஊர் வரியிலிருந்து வந்தது. அரசுக்கும் சபைக்கும் இருந்த இந்தப் பிணைப்பை வெர்மான்ட் 1807-இலும், கனெக்டிகட் 1818-இலும், மாசசூசெட்ஸ் 1833-இலும் அறுத்தன. ஆகவே இந்த ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த போதகரின் சம்பளத் தகராறு, விறகு ஒதுக்கீடு, வீட்டுமனை ஆகியவை ஊர்க் கணக்கில்தான் இருக்கும். சபைப் புத்தகம் தொலைந்துபோன இடங்களில் பல வேளை ஊர்க் கணக்குதான் கைகொடுக்கிறது.

அபிஷேகத்துக்குப் பிறகு ஹெய்ன்ஸ் கனெக்டிகட்டின் டாரிங்டனில் சில காலம் ஊழியம் செய்தார். கறுப்பர் ஒருவர் பிரசங்கிப்பது பிடிக்காத ஒரு மனிதர், அவமதிப்பதற்கென்றே தொப்பியைக் கழற்றாமல் ஆலயத்தில் உட்கார்ந்திருந்தாராம். பிரசங்கம் சில நிமிடங்கள் போனதும் தொப்பி தலையைவிட்டு இறங்கியது. பின்னாளில் அவர் சபையின் உறுதியான உறுப்பினரானார். கூலே இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறார். ஆனால் அதே கதை இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: அந்த மேடையில் ஏறிய ஒவ்வொரு ஞாயிறும் அவர் தம் உரிமையைப் புதிதாக நிரூபிக்க வேண்டியிருந்தது.

எல்லைக்கு அப்பால் நடந்த திருமணம்

1783 செப்டம்பர் 22 அன்று ஹெய்ன்ஸ் எலிசபெத் பாபிட் என்ற பெண்ணை மணந்தார். எலிசபெத் வெள்ளையர்; பள்ளி ஆசிரியை; இருபது வயது. மணவிருப்பத்தை முதலில் தெரிவித்தவர் அவரே என்பது சபையாரிடையே வழங்கிய செய்தி. ஹெய்ன்ஸ் தயங்கி, ஜெபித்து, மற்றப் போதகர்களின் ஆலோசனையையும் கேட்டபிறகே சம்மதித்தார். அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள்.

இந்தத் திருமணத்தைக் கிரான்வில் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. அது நடந்தது ஹார்ட்லாண்டில். ஹார்ட்லாண்ட் கிரான்வில்லை ஒட்டித் தெற்கே இருக்கும் ஊர்தான். ஆனால் நடுவே மாசசூசெட்ஸ்-கனெக்டிகட் எல்லை ஓடுகிறது. மாசசூசெட்ஸில் 1705-இலிருந்தே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான திருமணத்தைச் சட்டம் தடைசெய்திருந்தது. 1786-இல் அந்தத் தடை மீண்டும் எழுதப்பட்டு, 1843 வரை நீடித்தது. கனெக்டிகட்டில் அப்படியொரு தடை இல்லை. தேடுபவர் வரைபடத்தோடு சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எந்த ஊரில் பதிவு இருக்கும் என்பதைப் பல வேளை எந்த ஊரில் சட்டம் இடம் கொடுத்தது என்பதே தீர்மானிக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே போன்ற கண்ணோட்டத்தைக் கோருகிறது. 1790 முதல் 1840 வரை நடந்த கணக்கெடுப்புகள் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதின. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. முதல் கணக்கெடுப்பில் சுதந்திர வெள்ளையர், ஏனைய சுதந்திர மனிதர்கள், அடிமைகள் என்றுதான் கட்டங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. தந்தை ஒரு நிறம், தாய் வேறு நிறம் என்ற குடும்பம் கணக்கெடுப்பாளரின் கையில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் தள்ளப்பட்டிருக்கும். அந்த எண்களை உண்மை நிலையாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு அலுவலர் செய்த முடிவாகப் படிக்க வேண்டும்.

ரட்லாண்டில் முப்பது ஆண்டுகள்

1788 மார்ச்சில் வெர்மான்டின் ரட்லாண்ட் மேற்குச் சேகரத்தில் பொறுப்பேற்றார். இன்றைய வெஸ்ட் ரட்லாண்ட் அது. வளர்ந்த மனிதரை அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று 1777-இலேயே அரசியல் சாசனத்தில் எழுதிய மண் வெர்மான்ட். அங்கே முப்பது ஆண்டுகள் போதகராக இருந்தார். விடைபெறும் பிரசங்கத்தில் அவரே தந்த கணக்கின்படி, அந்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 5,500 பிரசங்கங்கள். அவற்றில் 400 அடக்க ஆராதனைகளுக்கானவை. வாரத்துக்கு மூன்றுக்கும் மேல். இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு குடியேற்ற மாவட்டத்தின் பிறப்பும் இறப்பும் மழையும் பனியும் குதிரைப் பயணமும் இருக்கின்றன. அத்தனை பிரசங்கங்களில் அச்சேறியவை ஒரு சிலவே.

1804-இல் மிடில்பரி கல்லூரி அவருக்குக் கௌரவ எம்.ஏ. பட்டம் வழங்கியது, கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்குக் கிடைத்த முதல் கௌரவப் பட்டம் அது. 1805-இல், எல்லா மனிதருக்கும் முடிவில் மீட்பு உண்டு என்று போதித்த ஹோசியா பாலுவுக்கு எதிராக அவர் ஆற்றிய ‘சர்வ இரட்சிப்பு’ என்ற சிறு பிரசங்கம் பதிப்புக்கு மேல் பதிப்பாக வெளிவந்து நாடெங்கும் பரவியது. அவருடைய வாழ்நாளில் மக்கள் அறிந்த ஹெய்ன்ஸ் அந்தப் பிரசங்கத்தின் ஹெய்ன்ஸ்தான்: கூர்மையான வாக்குவன்மையும் பழமையான கால்வினிய நம்பிக்கையும் உள்ள போதகர்.

1818-இல் ரட்லாண்ட் சேகரம் அவரை விடுவித்தது. அரசியல் காரணமா, மூப்பா, நிறமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். அவர் வாஷிங்டனின் மரபைப் போற்றிய ஃபெடரலிஸ்ட். 1812 போரை வெளிப்படையாக எதிர்த்தவர். சுற்றிலும் எதிர்த்தரப்பான ஜெஃபர்சனின் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் என் நிறம் அவர்கள் கண்ணில் பட்டது என்ற பொருளில் அவர் பேசியதாகவும் ஒரு செய்தி உண்டு. சேகரத்தின் தீர்மானம் விடுவித்ததை மட்டும் பதியும், மனத்தாங்கலைப் பதியாது. தீர்மானத்தின் மொழி எவ்வளவு மரியாதையாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாக அதைச் சுற்றியுள்ள தாள்களைப் படிக்க வேண்டும்.

அடுத்து வெர்மான்டிலேயே மான்செஸ்டர் என்ற ஊரில் சில ஆண்டுகள். அங்கே ஸ்டீஃபன் பூர்ன், ஜெஸ்ஸி பூர்ன் என்ற சகோதரர்கள், 1812-இலிருந்து காணாமல் போயிருந்த மைத்துனர் ரஸ்ஸல் கால்வினைக் கொன்றதாக 1819-இல் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குச் சென்று அவர்களைச் சந்தித்துவந்த ஹெய்ன்ஸ், அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நம்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் கால்வின் நியூ ஜெர்சியிலிருந்து உயிரோடு அழைத்துவரப்பட்டார். தூக்குக் கயிறு விலகியது. அந்த வழக்கைப் பற்றி 1820-இல் ஹெய்ன்ஸ் வெளியிட்ட சிறு நூல், தவறான தண்டனைகளின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் எடுத்துப் படிக்கும் ஆவணம். 1822-இல் நியூயார்க் மாநிலத்தின் சவுத் கிரான்வில்லுக்குப் போனார். 1833 செப்டம்பர் 28 அன்று இறக்கும் வரை அங்கேயே ஊழியம். அவர் வாழ்ந்த வீடு 1975-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நூல் மறைத்ததும் நூலகம் காத்ததும்

கூலே எழுதிய வரலாறு 1837-இல் நியூயார்க்கில் வெளியானது. அன்போடும் மதிப்போடும் எழுதிய நூல் அது. கடிதங்கள், பிரசங்கங்கள், சபையார் நினைவுகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. அது இல்லாவிட்டால் நமக்கு ஹெய்ன்ஸின் பாதி வாழ்க்கை கிடைத்திராது. ஆனால் அதில் தெரியும் ஹெய்ன்ஸ் அடிமை முறையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாதவர். அந்தப் பத்தாண்டுகளில் அடிமை ஒழிப்பு இயக்கம் சூடேறி, நியூ இங்கிலாந்துச் சபைகளே இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. எல்லாத் தரப்பும் கையில் எடுக்கக்கூடிய ஒரு பக்தரைக் காட்டவே அந்த நூல் விரும்பியது. பின்னாளில் வந்த சபைக் கலைக்களஞ்சியங்கள் அந்தச் சித்திரத்தையே திரும்பத் திரும்ப எழுதின.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதி ஒன்றை ரூத் போகின் என்ற வரலாற்றாய்வாளர் கண்டெடுத்து 1983-இல் ஒரு வரலாற்று ஆய்விதழில் பதிப்பித்தபோது இந்தச் சித்திரம் உடைந்தது. ‘மேலும் விரிந்த விடுதலை’ என்பது அதன் தலைப்பின் பொருள். எழுதியவர் லெமுவேல் ஹெய்ன்ஸ். தேதி இல்லை. ஆனால் கட்டுரை அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் புகழ்பெற்ற வாசகத்தை முகப்பில் வைத்துத் தொடங்குகிறது. ஆகவே 1776 ஜூலைக்கு முன் எழுதியிருக்க முடியாது. ஏறத்தாழ அந்த ஆண்டிலேயே, அதாவது எழுதியவர் படையில் நின்ற காலத்தை ஒட்டியே, எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் கணிப்பு. உள்ளடக்கத்திலிருந்தே காலத்தைக் கணிக்கும் முறைக்கு இது நல்ல பாடம்.

அதன் வாதம் நேரானது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்றால், அந்தச் சமத்துவம் தோலின் நிறத்தில் வந்து நின்றுவிட முடியாது. வெள்ளையருக்கு விடுதலை எவ்வளவு அருமையோ கறுப்பருக்கும் அவ்வளவு அருமை. நோவாவின் சாபத்தைக் காட்டி ஆப்பிரிக்கரை அடிமையாக்கலாம் என்போருக்கு வேதத்தைக் கொண்டே மறுப்பு. கிறிஸ்தவ நாட்டில் அடிமையாக இருப்பது ஆப்பிரிக்கருக்கு நன்மை என்ற சமாதானத்துக்கும் பதில். அடிமை வணிகத்தின் கொடுமைகளை அடிமை எதிர்ப்பாளர் ஆந்தனி பெனெசெட் திரட்டிய விவரங்களிலிருந்து எடுத்துக்காட்டுகிறது. இதை எழுதியபோது அவருக்கு 23 வயது. பள்ளிப் படிப்பு அரைகுறை. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை அவரே ஒப்பந்தத்தில் கட்டுண்டவர். லெக்சிங்டன் சண்டையைப் பற்றி அதே காலத்தில் அவர் எழுதிய கதைப்பாட்டையும் போகினே 1985-இல் வெளியிட்டார். அதில் எழுதியவர் தம்மைச் சொந்த முயற்சியால் எழுத்தறிவு பெற்ற கலப்பின இளைஞர் என்று அறிமுகம் செய்துகொள்கிறார்.

இந்தத் தாள்கள் கையில் வந்ததும் பழைய பிரசங்கங்களும் வேறு விதமாக ஒலிக்கின்றன. 1801 ஜூலை 4 அன்று, சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு விழாவில், ஹெய்ன்ஸ் ரட்லாண்டில் உண்மையான குடியரசுத் தன்மையைப் பற்றிப் பேசினார். ஆப்பிரிக்கர்களின் தாழ்ந்த நிலைக்குக் காரணம் இயற்கை அல்ல, அவர்கள்மீது சுமத்தப்பட்ட அடிமைத்தனமே என்று அதில் சொல்கிறார். முன்பு படித்தோர் இதை விழா உரையின் ஒரு பத்தியாகக் கடந்துபோனார்கள். 1776-இன் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்துப் படிக்கும்போது, ஒரே கேள்வியை அவர் கால் நூற்றாண்டு விடாமல் வைத்திருந்தார் என்பது புலப்படுகிறது. 2003-இல் அவரைப் பற்றி விரிவான நூல் எழுதிய ஜான் சேலன்ட், அவருடைய கால்வினிய இறையியலும் அடிமை எதிர்ப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்றே வாதிடுகிறார். போதகர் ஹெய்ன்ஸ் படைவீரர் ஹெய்ன்ஸை விட்டு விலகிப் போனவர் இல்லை. முற்றுகைக் களத்தில் கேட்ட சொற்களை அவற்றின் முழுப் பொருளில் எடுத்துக்கொண்டு மேடை ஏறியவர்.

தேடுவோருக்கு

முன்னோரைத் தேடுவதில் இரண்டு ஆசைகள் கலந்திருக்கின்றன. ஒன்று பெருமை. புரட்சி வீரர்களின் வழித்தோன்றல்களுக்கான சங்கங்கள் 1889-இலும் 1890-இலும் நிறுவப்பட்டதிலிருந்து, ஒரு பெயரையும் ஒரு படைப்பணியையும் நிரூபித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் வேரூன்றியது. நெடுங்காலம் அந்தப் பெருமையில் கறுப்பினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இடம் இல்லை. அவர்களுடைய பணியைத் திரட்டிய விரிவான பட்டியல் ‘புரட்சியின் மகள்கள்’ சங்கத்திலிருந்து 2008-இல்தான் நூலாக வந்தது. இன்னொரு ஆசை அறிதல். அந்த மனிதர் எதை நம்பினார், எதற்காகக் கோபப்பட்டார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பது. முதல் ஆசைக்கு மஸ்டர் ரோலும் அபிஷேகத் தேதியும் போதும். இரண்டாவது ஆசைக்கு அவை தொடக்கம் மட்டுமே.

ஹெய்ன்ஸின் கதை காட்டும் வேலைமுறை எளிதாகச் சொல்லக்கூடியது, செய்யத்தான் பாடு அதிகம். படைத்தாளையும் சபைத்தாளையும் ஒரே காலவரிசையில் அடுக்க வேண்டும். தேதிகள் மோதும் இடத்தில், புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பக்கம் சாயாமல், நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட தாளின் பக்கம் நிற்க வேண்டும். ஒவ்வொரு தாளும் யாருக்காக எழுதப்பட்டது, அதை எழுதியவர் எதைக் காட்ட விரும்பினார் என்று கேட்க வேண்டும். அன்பால் எழுதிய வரலாற்றை நன்றியோடு படித்து, அதன் மௌனங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த மௌனங்களை நிரப்பும் தாள்களைத் தேட வேண்டும். அவை வேறொரு குடும்பத்தின் தாள்கட்டில், வேறொரு மாநிலத்தின் நூலகத்தில், பட்டியலில் சரியாக ஏறாத பெட்டியில் இருக்கலாம்.

வீட்டில் பழைய கையெழுத்துப் பிரதிகள் வைத்திருப்போருக்கு இதில் ஒரு கடமையும் இருக்கிறது. அவை பெரிய மனிதர்களின் எழுத்தாக இல்லாமல் போகலாம், எழுதியவர் யார் என்றே தெரியாமலும் இருக்கலாம். ஒரு நூலகத்திடம் ஒப்படைத்துப் பட்டியலில் ஏற்றிவிட்டால், இன்னொரு தலைமுறையின் ஆய்வாளர் வந்து படிப்பார். ஹெய்ன்ஸின் கட்டுரை இருநூறு ஆண்டுகள் தப்பிப் பிழைத்தது இப்படித்தான்: யாரோ அதை எறியாமல் வைத்திருந்தார்கள், ஒரு நூலகம் அதைக் காத்தது, ஓர் ஆய்வாளர் அதைத் திறந்து முழுவதும் படித்தார். இந்த மூவரில் ஒருவர் தவறியிருந்தாலும், விடுதலை எல்லோருக்கும் உரியது என்று 1776-இலேயே எழுதிவைத்த அந்த இளைஞனை நாம் வெறும் பக்திமானாக மட்டுமே அறிந்திருப்போம்.